ஏர் ஃபிரையரும் ஈர விரலும்

என் அத்தானை அவர் வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'விரல்' என்றுதான் கூப்பிடுவார்கள். "விரல் வந்தாச்சா?" "அந்த மூணாவது மாடியை விரலுக்கு விட்டு வை." "விரலுக்கு ஒரு டீ சொல்லு." கட்டடம் முழுக்க இதே கூச்சலாக இருக்கும். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில், குளியல் தொட்டிக்கும் டைலுக்கும் நடுவில், எங்கெல்லாம் சந்து இருக்கிறதோ அங்கெல்லாம் சிலிகான் பசையைப் பிதுக்கி அடைப்பது அவர் தொழில். பிதுக்குவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். பிதுக்கியபின் ஆள்காட்டி விரலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுப்பில் வழவழவென்று ஆக்குவதற்குத்தான் ஆள் வேண்டும். அத்தான் இழுத்த கோட்டில் எறும்பு ஏறினால் வழுக்கி விழும்.

தொழிலில் அவர் புலி. அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று அந்த விரலுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வெண்ணெய் டப்பாவைத் திறந்தால் முதலில் மேலே தடவிச் சமன் செய்வார், பிறகுதான் ரொட்டிக்கு எடுப்பார். கல்யாணமான புதிதில் என் அக்கா ஆசையாகக் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு வந்து நின்றால், "கொஞ்சம் அசையாம நில்லு" என்று விரலை நனைத்துக்கொண்டு கிட்டே போவாராம். அக்கா ரொம்ப நாள் அதைக் காதல் என்று நினைத்து ஏமாந்திருக்கிறாள். மகள் பிறந்தபோது நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். மனுஷன் கண் கலங்கிப் பார்த்தார், கலங்கிய கண்ணை விரலால் துடைத்தார், அதே ஈர விரலால் குழந்தையின் புருவத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நேராக்கிவிட்டார். நர்ஸ் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் குழந்தைக்கு இப்போது பதினேழு முடிந்துவிட்டது. வீட்டில் இன்னும் பாப்பாதான். பாப்பாவும் அந்த விரலும் பட்ட பாட்டைச் சொன்னால் அதுவே ஒரு கதை. மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடக் கண்காட்சிக்காகக் காகிதக்கூழில் எரிமலை செய்தாள். பாறையும் பள்ளமும் பிளவுமாக அசல் எரிமலை. வராந்தாவில் காய வைத்துவிட்டுப் போய் விளையாடினாள். திரும்பி வருவதற்குள் அத்தான் வேலையிலிருந்து வந்துவிட்டார். மறுநாள் கண்காட்சியில் டீச்சர் அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன கண்ணு, பூசணிக்காயா?" என்று கேட்டார். பாப்பா வீட்டுக்கு வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். அத்தான், "எவ்வளவு மேடு பள்ளமா இருந்துச்சு தெரியுமா? நான் மட்டும் பார்க்கலைன்னா உன் மானம் போயிருக்கும்" என்றார். நிஜமாகவே உதவி செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் படம் வரைந்தாலும் சரி, துணி தைத்தாலும் சரி, அவள் அப்பா கண்ணில் காட்டுவதில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் அக்காவின் தங்கை, இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளை எனக்கு மட்டும் திறப்பாள். அதனால்தான் அவளுக்கு பேக்கரி வேலைமேல் பித்துப் பிடித்தது முதலில் எனக்குத் தெரிந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் சமையல் கலைக் கல்லூரியில் பேக்கரி பிரிவில் சேர வேண்டும் என்றாள். பஸ்ஸில் போய் மதியத்துக்குள் எட்டிவிடும் ஊர்தான். ஆனால் அங்கே விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டுவார்களாம், விடுதியில் தங்கியே ஆக வேண்டுமாம். இடங்கள் சொற்பம். கேட்டு வருகிறவர்கள் வீட்டில் சொந்தக் கையால் ஒரு பண்டம் செய்து எடுத்துப் போக வேண்டும். பிறர் கை படக்கூடாது. ருசி பார்த்து, கேள்வி கேட்டு, அன்றைக்கே முடிவு சொல்லிவிடுவார்கள். கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் கணக்குப்பதிவுப் படிப்பு என்று அக்கா பேசி வைத்திருந்தாள். கணக்கு நல்ல படிப்புதான், ஆனால் அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் பாப்பாவின் முகம் திரிந்துபோன பால் மாதிரி ஆகிவிடும்.

இதைச் சாப்பாட்டு மேஜையில் அத்தானிடம் சொன்ன அன்றைக்கு நானும் இருந்தேன்.

"விடுதியா? ஏன்மா, வீட்ல என்ன குறை?" என்று கேட்டார்.

"அங்க போனா நான் செய்யறதுல யாரும் கை வைக்க மாட்டாங்கப்பா" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அத்தான் வெண்ணெய் டப்பாவை எடுத்துத் தடவிச் சமன் செய்தார். மூடி வைத்தார். மறுபடி திறந்து மறுபடி தடவினார்.

எடுத்துப் போகப் பாப்பா தேர்ந்தெடுத்தது சுர்ரோ. எங்கோ ஒரு நாட்டில் அதைக் காலைச் சாப்பாடாகவே தின்கிறார்களாம், கொடுத்து வைத்தவர்கள். கொதிக்கிற தண்ணீரில் வெண்ணெய், உப்பு, சர்க்கரை போட்டு, மாவைக் கொட்டிக் கிளறி, ஆறினதும் முட்டை அடித்துச் சேர்த்து, நட்சத்திர வாய் வைத்த பையில் நிரப்பிப் பிதுக்குவது. வரிவரியாக விழும். அதை எண்ணெயில் பொரித்துப் பட்டைத்தூள் கலந்த சர்க்கரையில் புரட்ட வேண்டும். பாப்பா அதையே ஒரு வாயில் போடுகிற அளவுக்குத் துண்டு துண்டாக, எண்ணெய்ச் சட்டி இல்லாமல், ஏர் ஃபிரையரில் செய்தாள்.

எண்ணெய்ச் சட்டி ஏன் இல்லை என்று கேட்டால் அதற்கும் அத்தான்தான் காரணம். ஒரு மழையில் சமையலறை ஜன்னல் வழியாக நாலு சொட்டு உள்ளே வந்துவிட்டது. 'என் வீட்டிலேயா?' என்று ரோஷம் வந்து, ஜன்னலைச் சுற்றி அடைத்தார், குழாய் போகிற ஓட்டையை அடைத்தார், புகை போகிற துவாரத்தையும் "இது வழியாத்தான் சாரல் அடிக்குது" என்று அடைத்தார். அப்புறம் அந்த ஜன்னலைத் தலைகீழாக நின்றாலும் திறக்க முடியவில்லை. அக்கா எண்ணெயைக் காய வைத்தால் அடுப்புக்கு எதிரே நிற்பவர் முகம் தெரியாது. கூரையில் இருந்த புகை மணி அலறி அலறித் தொண்டை கட்டி, கடைசியில் கரகரத்த குரலில் இருமியது. "ஒண்ணு இந்த ஜன்னல் திறக்கணும், இல்ல எனக்குப் புகையில்லாம ஒரு அடுப்பு வரணும்" என்று அக்கா சண்டை போட்டாள். ஏர் ஃபிரையர் வந்தது. ஜன்னலைப் பெயர்க்க மனுஷனுக்கு மனசு வரவில்லை. அவ்வளவு அழகாக அடைத்திருந்தாராம்.

தேர்வு நாள் காலையில் பாப்பா என்னை வரச் சொல்லியிருந்தாள். போனதும் வாசலிலேயே நிறுத்தி, "சித்தி, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். அப்பாவைக் கிச்சனுக்குள்ள விடாம பார்த்துக்கிட்டா போதும்" என்றாள்.

"பரீட்சை ஹால்ல முந்நூறு பேரைப் பார்த்துக்கறவ நான். உங்கப்பா ஒருத்தரைப் பார்த்துக்க மாட்டேனா?" என்றேன். இப்படித்தான் நான் எப்போதும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வேன்.

அத்தான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதாவது பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாப்பா மாவைக் கிளறினாள். கரண்டியில் ஒட்டாமல் ஒரு உருண்டையாகத் திரண்டு வந்தது. ஆற வைத்து முட்டை சேர்த்து அடித்து, பையில் நிரப்பி, எண்ணெய்க் காகிதம் விரித்த தட்டில் நீள நீளமாகப் பிதுக்கினாள். முதல் கோடு கொஞ்சம் கோணியது. அடுத்தது பரவாயில்லை. தட்டு நிறைந்தபோது எல்லாக் கோட்டிலும் நட்சத்திர வரிகள் கூர்மையாக நின்றன.

"இந்த வரிதான் சித்தி உயிரு. இதுலதான் மொறுமொறுப்பு பிடிக்கும். சர்க்கரை ஒட்டும். உள்ள இருக்கற ஆவியும் இது வழியாத்தான் வெளிய வரும். ஆறினாலும் நமுத்துப் போகாது" என்றாள். எரிமலைக்கு அப்புறம் அவள் இவ்வளவு ஆசையாக எதையும் விளக்கி நான் கேட்டதில்லை. "ஃபிரிட்ஜ்ல கொஞ்ச நேரம் இறுகட்டும். நான் குளிச்சிட்டு வந்து கத்தரியால வெட்டிக்கறேன்."

தட்டை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனாள். மாவில்தானே பிறர் கை படக்கூடாது என்று நான் பட்டையையும் சர்க்கரையையும் மிக்ஸியில் போட்டேன். அந்த மிக்ஸி ஓடினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப்பார்ப்பார், அவ்வளவு சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே அத்தான் உள்ளே வந்தார்.

"எங்க அத்தான்?" என்று கத்தினேன்.

"தண்ணி" என்று கத்தினார்.

தண்ணீர் குடிக்க வந்த மனுஷனை விரட்டுவது எப்படி? வீட்டுத் தலைவர். தாகம். சரி என்று தலையாட்டிவிட்டு மிக்ஸி மூடியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு திரும்பி நின்றேன். ஃபிரிட்ஜ் திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மூடிய சத்தமும் கேட்கவில்லை. மிக்ஸியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அத்தான் தண்ணீர் டம்ளரோடு கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. அவர் ஆள்காட்டி விரல் அதற்குள் முங்கியிருந்தது.

ஃபிரிட்ஜைத் திறக்கத் தைரியம் வரவில்லை. அதற்குள் தலையில் துண்டோடு பாப்பாவே வந்து திறந்துவிட்டாள்.

தட்டில் ஒரு வரி இல்லை. ஒரு கூர் இல்லை. எல்லாம் வழவழவென்று, உருண்டு திரண்டு, பளபளத்துக்கொண்டு கிடந்தன. கோணியிருந்த முதல் கோடும் நேராகிவிட்டிருந்தது. முனைகளைக்கூட விடவில்லை, ஒவ்வொன்றையும் அழகாக மழுக்கி வைத்திருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், தொழில் சுத்தம் என்றால் அதுதான்.

"அப்பா!"

அத்தான் சமையலறை வாசல்படியில் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. விரலை மட்டும் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கொஞ்சம் சொரசொரப்பா இருந்துச்சும்மா..."

"அது அப்படித்தான் இருக்கணும்!"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியலைன்னா தொடாதீங்க! ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தட்டு, தொடாம இருக்க முடியாதா உங்களால?" அவள் குரல் உடைந்தது. "வேணும்னுதானே செஞ்சீங்க? நான் போகக்கூடாதுன்னு."

"கை போயிடுச்சும்மா" என்றார். "நான் செய்யலை. கை செஞ்சிடுச்சு."

அக்கா ஓடி வந்து தட்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மூன்றிலும் என்னைப் பார்த்ததுதான் ரொம்பக் கேவலமாக இருந்தது. ஒரு வேளை இதுவே தேறிவிடாதா என்று பாப்பா ஒரு துண்டை வெட்டி ஏர் ஃபிரையரில் போட்டாள். நாலு பேரும் அந்தச் சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு நின்றோம். அது மெதுவாக உப்பியது. இன்னும் உப்பியது. அத்தான் முகத்தில் லேசாக நம்பிக்கை தெரிந்தபோது பக்கவாட்டில் 'பட்' என்று வெடித்து, உள்ளே இருந்த மாவு வழிந்து ஒட்டிக்கொண்டது. தான் அடைத்த ஒன்று வெடித்ததை அத்தான் வாழ்க்கையிலேயே அன்றுதான் பார்த்திருப்பார்.

"அழுதா மாவு வேகுமா? முட்டை இருக்கு, வெண்ணெய் இருக்கு. பாத்திரத்தை எடுடி" என்றாள் அக்கா. "அடுத்த பஸ்ஸுக்குப் போனாலும் நேரத்துக்குப் போயிடலாம்."

பாப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே மறுபடி தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். மாவைக் கொட்டிக் கிளறினாள். அது ஆற வேண்டும், சூட்டோடு முட்டையை ஊற்றினால் முட்டை வெந்து திரிந்துவிடும். அடைத்து வைத்த சமையலறையில் எதுவும் சீக்கிரம் ஆறாது. அத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நான் விசிறட்டுமா? தொடாம?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பரீட்சை மேற்பார்வையாளர் என்று பீற்றிக்கொண்டவள் நான்தானே. "விசிறுறது கை வைக்கறது ஆகாது" என்று தீர்ப்பு சொன்னேன். "ஆனா அந்த விரலை எங்கயாவது அடைச்சு வைக்கணும்."

அத்தான் அவராகவே போய், சூடான தட்டு பிடிக்கிற பஞ்சு உறைகள் இரண்டையும் எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டார். பூப்போட்ட உறைகள். தட்டு மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விசிறினார். விசிறுவதிலும் ஒரே அளவு, ஒரே வீச்சு, பாத்திரத்தின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரைக்கும். நெற்றி வியர்வை மூக்கில் வழிந்தது. துடைக்க விரல் இல்லாமல் தோளில் தேய்த்துக்கொண்டார். அக்கா சிரித்துவிட்டாள். பாப்பா சிரிக்கவில்லை.

ஆறிய மாவில் முட்டை சேர்ந்தது. பாப்பா பையை நிரப்பிப் பிதுக்க ஆரம்பித்தாள். அவசரம், கோபம், அழுத கண். முதல் கோடு நடுவில் அறுந்தது. இரண்டாவது கோடு புறப்பட்ட இடத்தை மறந்து வளைந்து பக்கத்துக் கோட்டின்மேல் சாய்ந்தது. ஒன்று தடி, ஒன்று ஒல்லி. மூலையில் நின்றிருந்த அத்தானைப் பார்த்தேன். வாய் திறந்தது. அக்கா முறைத்தாள். வாய் மூடியது. வலது கை உறைக்குள் என்னவோ நெளிந்தது, பைக்குள் மாட்டிய எலி மாதிரி. கடைசியில் மனுஷன் நாற்காலியைத் தூக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு முறை பை 'புர்ர்' என்று காற்றை விடும்போதும் அந்த முதுகு துடித்தது. கோடு கோணுவது சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. இன்னொரு பக்கம் நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

இந்தமுறை குளிர வைக்க அதிக நேரம் இல்லை. ஃபிரீசரில் வைத்து எடுத்து, கத்தரியால் விரற்கடை அளவுக்கு வெட்டி, எண்ணெயை லேசாகத் தெளித்து ஏர் ஃபிரையரில் அடுக்கினாள். கண்ணாடி வழியாகப் பார்த்தோம். உப்பின. வரிகள் விரிந்தன. ஒன்றுகூட வெடிக்கவில்லை. வரியின் கூர்கள் முதலில் சிவந்து, அப்புறம் பள்ளங்களும் பொன்னிறமாயின. வெண்ணெய் வாசனை அந்த அடைத்த அறையில் போக இடமில்லாமல் எங்கள் துணியெல்லாம் ஏறிக்கொண்டது. சூட்டோடு சர்க்கரையில் புரட்டினாள். பட்டை வாசனையும் சேர்ந்தது. நான் ஒன்றைத் தின்றேன். ருசி பார்க்கத்தான். அப்புறம் ருசி சரியா என்று உறுதி செய்ய இன்னொன்று.

பாப்பா தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்த நாற்காலிக்கு எதிரே போய் நின்றாள். கோபம் போகவில்லை. ஆனாலும் போய் நின்றாள்.

"எப்படி இருக்கு?"

அத்தான் பார்த்தார். அவர் கண் ஒவ்வொரு துண்டாகப் போவது எனக்குத் தெரிந்தது. கோணலானது, ஒல்லியானது, தலை பெருத்தது, இரண்டு ஒட்டிப் பிறந்தது, எதையும் விடவில்லை அந்தக் கண். உறை போட்ட கைகள் மடியில் கிடந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதுல எங்கயும் கை வைக்க வேண்டியதில்ல" என்றார்.

பொய். நான் கணக்கு டீச்சர், தப்பான விடையைச் சொல்கிறவன் முகம் எனக்குத் தெரியும். பாப்பாவுக்கும் தெரிந்திருக்கும். அவள் ஒரு துண்டை எடுத்து அவர் வாயில் போட்டாள். அவருக்குத்தான் விரல் இல்லையே. அத்தான் மென்றார். மீசையில் சர்க்கரை.

பஸ்ஸில் பாப்பா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தான் கடைசி சீட்டில். கூட வரச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வர வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. அக்கா பாத்திரம் கழுவ வீட்டிலேயே நின்றுவிட்டாள். கல்லூரி வாசலில் அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். நானும் அத்தானும் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். மற்றப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் நகத்தைக் கடித்துக்கொண்டும் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டும் இருந்தார்கள். ஒரு அம்மா கையில் கரண்டியோடு வந்திருந்தார், ஏனென்று அவருக்கே தெரியவில்லை.

"டீச்சரம்மா" என்றார் அத்தான். என்னை அவர் கிண்டலுக்குக் கூப்பிடும் பெயர் அது. அன்று கிண்டலாக இல்லை. "காலையில அவ கேட்டாளே, வேணும்னு செஞ்சீங்களான்னு."

"அதான் சொன்னீங்களே, கை செஞ்சிடுச்சுன்னு."

"பாதித் தட்டு வரைக்கும் கைதான் செஞ்சுது." அவர் விரலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பாதியில எனக்குத் தெரிஞ்சு போச்சு, என்ன பண்ணிக்கிட்டிருக்கேன்னு. இது போச்சுன்னா அவ போக மாட்டாளேன்னு மனசுல வந்துச்சு. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தலை. மீதியை நான்தான் செஞ்சேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த மனுஷனை அங்கேயே அடிக்கலாம் போல இருந்தது. அதே சமயம், பதினேழு வருஷம் கூட இருந்த பிள்ளை பெட்டியைக் கட்டுகிறாள் என்றால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும் என்றும் தோன்றியது.

"அவகிட்ட சொல்லிடுங்க அத்தான்."

"சொன்னா என்னை மன்னிக்க மாட்டா."

"சொல்லலைன்னா நான் மன்னிக்க மாட்டேன்" என்றேன்.

அதற்குள் கதவு திறந்தது. பாப்பா டப்பாவைத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டே ஓடி வந்தாள். டப்பா காலி. "கிடைச்சிடுச்சு சித்தி! கிடைச்சிடுச்சு! அங்க ருசி பார்த்த பெரியம்மா ஒருத்தங்க, 'கோணலா இருக்கு, ஆனா சரியா வெந்திருக்கு, ஆறியும் மொறுமொறுப்பு போகலை'ன்னாங்க. மூணு துண்டு தின்னாங்க! 'கோணலை நாங்க சரி பண்ணிக்கறோம்'னாங்க!" என்று என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நானும் என் வயசை மறந்து குதித்தேன். கரண்டி அம்மாகூடக் கைதட்டினார்.

அத்தான் எழுந்து நின்றிருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியாத ஒரு முகம்.

"பாப்பா" என்றார். "காலையில நான் சொன்னது பாதிதான் நெசம். முதல் பாதி கை. மீதி நான். நீ போகக்கூடாதுன்னுதான்."

பாப்பா குதிப்பதை நிறுத்தினாள். டப்பாவை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்ப்பா" என்றாள். "முதல் வரிசைங்கள்ல எல்லாம் விரல் ஒரே சீரா போயிருந்துச்சு. கடைசி வரிசைங்கள்ல அழுத்தியிருந்தீங்க. அங்கங்க நின்னு நின்னு போயிருந்துச்சு. நீங்க அப்படி எங்கயும் நிக்க மாட்டீங்களே."

அத்தான் தலை குனிந்தது. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன், பெரியவர்கள் அழுவதை என்னால் பார்க்க முடியாது.

"உங்க மேல கோவம் இன்னும் போகலை" என்றாள் பாப்பா. "நிறைய நாள் ஆகும்."

"ஆகட்டும்மா."

"விடுதியில எனக்குக் குடுக்கப்போற ரூமைக் காட்டினாங்க. நல்லாத்தான் இருக்கு. ஜன்னல் மட்டும் சரியில்ல. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல சந்து. மழை பெஞ்சா நேரா கட்டில்லதான் ஒழுகும்." டப்பா மூடியை இறுக்கி மூடினாள். "நான் வந்து சேர்றதுக்கு முன்னாடி நீங்க வந்து அடைச்சுக் குடுக்கணும்."

அத்தான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு, எத்தனையோ கட்டடங்களில் எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வியை, ஏதோ புதுசாகக் கற்றுக்கொண்டது போலக் கேட்டார்.

"சந்து எவ்வளவும்மா இருக்கும்?"

பாப்பா டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் விலக்கி, அவர் கண்ணெதிரே பிடித்துக் காட்டினாள்.